இத்தாலியில் ஒரு செமஸ்டர்: விசாவுக்கு முன்னால் வீடு

வேளாண் முதுகலை படிக்கும்போது ஒரு செமஸ்டரைப் பதுவா பல்கலைக்கழகத்தில் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. பதுவை அந்தோணியார் என்று நம் ஊர்க் கோயில்களில் சொல்வார்களே, அதே பதுவைதான். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஜூலைத் தேர்வுகளோடு முடியும். கடிதம் வந்த அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் "விசா என்னாச்சு?" என்றே கேட்டார்கள். உண்மையில் விசா அவ்வளவு பெரிய வேலை இல்லை. அதற்கு முன்னால் பெயரையும் வீட்டையும் சரிசெய்வதில்தான் உயிர் போனது.

பெயரில் என்ன சிக்கல்? கல்லூரிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல். பேங்க் கணக்கில் அதே இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் முழுசாக. இத்தாலியில் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இட வரி அடையாளக் குறியீடு ஒன்று உண்டு. வீட்டு ஒப்பந்தம், பேங்க் கணக்கு என்று எதைத் தொட்டாலும் அதைக் கேட்பார்கள். அதன் முதல் மூன்று எழுத்துகள் குடும்பப் பெயரிலிருந்தும் அடுத்த மூன்று நம் பெயரிலிருந்தும் வரும். பிறகு பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி. பெண்ணாக இருந்தால் தேதியோடு 40 கூட்டிவிடுவார்கள். 5ஆம் தேதி பிறந்தவள் 45 ஆகிவிடுவாள். இங்கே ஒற்றை எழுத்தாக இருந்த அப்பா அங்கே மூன்று எழுத்தாகப் பதவி உயர்வு பெற்றார்.

இதனால் முதல் நாளிலேயே ஒரு முடிவெடுத்தேன்: எந்தப் படிவமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டுமே. கல்லூரியிலிருந்து போன பட்டியலில் இனிஷியலோடு இருந்ததால் ஏற்புக் கடிதமும் அப்படியே வந்தது. மெயில் போட்டு மாற்றி வாங்கினேன். பேங்குக்கும் சான்றிதழ்களுக்கும் 'இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்' என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட்.

அப்புறம் வீடு. விசாவுக்குத் தங்குமிடத்துக்கான ஆதாரம் வேண்டும். வீட்டுக்காரருக்கோ ஒப்பந்தம் போட கோதிச்சே ஃபிஸ்காலே வேண்டும். அதைத் தூதரகம் வழியாக இங்கிருந்தே கேட்டு வாங்கலாம் என்பதால் தப்பித்தேன். மாணவர்களுக்கான வாடகை ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி குறைந்தது 6 மாதம். ஐந்து மாதத்துக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். நான் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. ஆறாவது மாத வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் வேறு வீடு பாருங்கள்.

மோசடிக்காரர்களும் உண்டு. பளபளவென்று படங்கள், நம்ப முடியாத வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். அதோடு ஆளைக் காணோம். கடைசியில் எனக்கு அறை கொடுத்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு அடுப்பிலிருந்து துணி காயப்போடும் இடம் வரை காட்டினார். அவரை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது.

இதெல்லாம் கையில் வந்தபின் விசா சட்டென்று முடிந்தது. 90 நாளுக்கு மேல் தங்குவதால் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வாங்கும் குறுகிய கால ஷெங்கன் விசா போதாது, டி வகை தேசிய விசா வேண்டும். படிப்புக்கானதற்குக் கட்டணம் 50 யூரோ, சேவைக் கட்டணம் தனி. அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, 'செலவை நான் ஏற்கிறேன்' என்ற கடிதம் எல்லாம் வைத்தேன். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் கணக்கில் மொத்தமாகப் பணம் போடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். இன்சூரன்ஸில் ஒரு விஷயம்: இத்தாலி அரசு மருத்துவத் திட்டத்தில் மாணவர்கள் சேரும் கட்டணம் முன்பு 150 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, 2024இல் 700 ஆகிவிட்டது. ஒரு செமஸ்டருக்குத் தனியார் இன்சூரன்ஸே போதும்.

பெட்டி கட்டும்போது அம்மாவோடு சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. ஆக நெய்யும் பால்கோவாவும் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம்! பயிர்நோய் படித்தவள் என்பதால் காரணம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ தேங்காயாவது எடுத்துட்டுப் போ" என்றார் அம்மா. கடைசியில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சின்ன மிக்ஸி. அங்கும் 230 வோல்ட்தான் என்பதால் மிக்ஸி ஓடும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் கட்டாயம்.

போய் இறங்கிய எட்டு வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவ உறை தபால் நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், செலவு அதற்கப்புறம்: 16 யூரோ ஸ்டாம்ப், அட்டைக்கு 30.46, ஓராண்டுக்குள் தங்குபவர்களுக்கு அனுமதிக் கட்டணம் 40, தபால் கட்டணம் 30. மொத்தம் 116.46. முதல் வாரச் செலவில் இதை ஒதுக்கி வையுங்கள். பாஸ்போர்ட், விசா, ஏற்புக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே தெருமுனை ஜெராக்ஸ் கடையில் மூன்று செட் எடுத்து, ஃபோட்டோக்களோடு கைப்பையில் வைத்துக்கொண்டேன். அசல்களும் கைப்பையில்தான். விமான நிலையக் குடியேற்ற கவுன்டரில் கேட்டால், பெட்டி அப்போது பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.