அவன் கொப்பியில் என் கையெழுத்து

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலோரப் பாடசாலை ஒன்றில் மூன்றாந் தரத்துக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். 32 பிள்ளைகள். ஒருவன் சக்கர நாற்காலியில் வருவான். மூளை முடக்குவாதம். கைகால் தசைகள் இறுகிக்கொள்ளும், பேச்சும் குழறும். விளங்கிக்கொள்வதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

எங்களிடம் வருமுன், "விசேட கல்வி அலகு உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்று வேறொரு பாடசாலையில் தாயைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இயலாமையைக் காரணம் காட்டி அனுமதியில் பாரபட்சம் செய்யக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அந்தத் தாய்க்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியாது.

வகுப்பு வாசலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். ஆனால் கேற்றிலிருந்து அதுவரைக்கும் மணல். சக்கரம் புதைந்துவிடும். பிள்ளைகள்தான் பழைய கிடுகுகளை வரிசையாகப் போட்டு வழி செய்தார்கள். யார் தள்ளுவது என்பதில் நாள்தோறும் சண்டை.

என் உதவி வேறு விதம். பென்சில் அவன் கையில் நிற்காது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பொறுமை கெட்ட நாட்களில் அவன் சொல்லி முடிக்குமுன் ஊகித்தும் எழுதினேன். கொப்பி நிறையச் சரி அடையாளங்கள். தவணை முடிவில் தாய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு மெல்லக் கேட்டார்: "டீச்சர், இதில் மகன் எழுதியது எது?"

எனக்கு வாய் எழவில்லை.

நான் கேட்டு வந்து பார்த்த சிகிச்சையாளர், கையை விட்டுவிட்டு முதலில் காலைத்தான் பார்த்தார். அது பெரியவர்களுக்கான நாற்காலி. பாதம் மிதிபலகையைத் தொடாது. கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கையும் ஆடும் என்றார். மிதிபலகையில் மரக்கட்டை ஒன்றைக் கட்டினோம். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் பென்சிலில் சுற்றினோம். எண்ணக் கொடுத்த புளியங்கொட்டை அவன் விரலுக்கு அகப்படாததால், தென்னையடியில் உதிர்ந்து காய்ந்த குரும்பைகளைப் பொறுக்கிவந்தோம். உடனே வகுப்பு முழுவதற்கும் குரும்பைதான் வேண்டும் என்றாயிற்று.

மற்றவர்கள் பத்துக் கணக்குச் செய்யும் நேரத்தில் அவனுக்கு மூன்று கொடுத்தேன். "இப்படியே போனால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்ன செய்வான்?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். மூன்றாந் தரத்திலேயே ஐந்தாந் தரப் பயம்!

இரண்டாந் தவணையின் நடுவில் ஒரு நாள் அவன் தானாக ஒரு கணக்கை எழுதி முடித்தான். கோடுகளைத் தாண்டி, அரைப் பக்க அளவில் இலக்கங்கள். ஏழும் ஐந்தும் பதினொன்று. சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை போட்டேன். அந்தக் கொப்பியில் நான் போட்ட முதற் பிழை அது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முழங்கையால் கொப்பியைப் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "எனக்கும் அந்தக் கணக்குப் பிழைதான்" என்று தன் கொப்பியை அவன் பக்கம் திருப்பினாள்.