பஸ் காசும் ஒரு நாள் கூலியும்

இலவசக் கண் முகாம் என்றால் கூட்டம் அள்ளும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்காக முகாம் ஏற்பாடு செய்பவன் நான். கண்ணைக் காட்ட நிறையப் பேர் வருவார்கள். புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யணும் என்றதும் பலர் செருப்பைத் தேடுவார்கள்.

வலங்கைமான் பக்கம் ஒரு பாட்டி. டார்ச் அடித்தால் கண்மணி முழுக்க வெள்ளை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் அசைவு மட்டும் தெரிகிறது. "காசு ஒண்ணும் வேணாம் பாட்டி, இன்னைக்கே பஸ்ல ஏறுங்க" என்றேன். "காசுக்கில்ல தம்பி. மருமவ அறுப்புக்குப் போயிடும். ஆட்டை யாரு அவுத்துக் கட்டுறது?"

இந்த ஆட்டையும் செலவுக் கணக்கில் சேர்த்தவர் என்றுதான் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் வெங்கடசாமியை நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் தொழிலில் அவர் 'டாக்டர் வி'. 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பிறகும் கத்தி பிடிக்கப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். மேடைகளில் இந்தத் தியாகக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய வியாபார மூளை.

மெக்டொனால்ட்ஸ் கடை நடக்கும் விதத்தைப் பார்த்து, கண் ஆபரேஷனை ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டவர் அவர். ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையை எல்லாம் அவர்களிடம் விட்டார். காசு உள்ளவர் கொடுப்பதில் இல்லாதவருக்கும் பார்த்தார். முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடும் அந்தக் கணக்கில் அடக்கம்.

1992இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் வந்து, புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே மலிவாகச் செய்தது. அதற்கு முன் ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதுதான் வழக்கம். அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தவர்களைக் கேட்டால் தெரியும், ஓரமெல்லாம் வளைந்து காலடியே தப்பும்.

எங்கள் ஊரில் காலண்டர்தான் தலைவலி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டால் ஆள் கிடைக்காது. நடவு, களை, அறுப்பு என்று தை, மாசி வரை ஓடிவிடும். பங்குனி, சித்திரையில் சும்மாதான் இருப்பார்கள். அப்போது போனால், "வெயில்ல கண்ணைத் தொடக்கூடாது தம்பி" என்பார்கள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத விதி!

டாக்டர் வி வகுத்த முறை புரைக்கு அருமையாகப் பொருந்துகிறது. அறுப்பில் நெல் சுணையோ தாளோ கண்ணில் குத்தி வரும் கருவிழிப் புண்ணுக்கு அது போதவில்லை. பூஞ்சை பிடித்துவிட்டால் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, அதுவும் வாரக்கணக்கில். அதற்குள் தாய்ப்பால் விட்டுப் பார்த்திருப்பார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு இன்னும் மோசம், பூஞ்சைக்கு அது தீனி. புரைக்காரர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இந்தப் புண்ணோடு வருபவருக்கு மணிக்கொரு தரம் மருந்து விட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் அறுப்புக்குத்தான் போயிருக்கிறார்.