நின்ற பிறகு பட்ட கறை

கொலு வைத்து மூன்றாம் நாள். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ஈரம் தட்டியது. போய்ப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு கறை. எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே கவலை, இனி கொலுப்படிக்கு யார் விளக்கேற்றுவது என்பதுதான்.

அதற்கு முந்தைய இரண்டு வருடம் படாத பாடு பட்டிருந்தேன். மும்பை ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஜனவரியிலும் முகமும் கழுத்தும் திடீரென்று கொதிக்கும், ரவிக்கை நனைந்துவிடும். அதெல்லாம் அடங்கியதும் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "நல்லதுதானே ஏட்டி, உடம்புல இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம்" என்றாள். செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் நின்றது. ஐந்து வாரம் கழித்து மறுபடி பட்டது.

மேல்வீட்டு அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "பன்னெண்டு மாசம் சுத்தமா வராம இருந்து, அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது தூரம் இல்லம்மா. காட்டியே ஆகணும்" என்று மறுநாளே மாட்டுங்காவில் ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

ஸ்கேன் என்றார்கள். பழைய ஞாபகத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால், "முதலில் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள்! இது உள்வழியாகப் பார்க்கும் ஸ்கேனாம். கருப்பையின் உள்படலம் 4 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எனக்கு 9 இருந்தது.

படலத்தில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் கை நடுங்கியது. மும்பையில் ஒருவர் "டாடாவுக்குப் போகிறார்", அதாவது டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றாலே என்ன வியாதி என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். அந்த ஒருவர் யார் என்று சோதிக்காமல் தெரியாது. சூலகம் ஓய்ந்த பிறகும் உடம்புக் கொழுப்பு, படலத்தை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொஞ்சம் உண்டாக்கும். அதைக் கட்டுப்படுத்தும் புரொஜெஸ்ட்ரோன் இருக்காது. படலம் தடித்துக்கொண்டே போகும். என் எடை 78 கிலோ, சர்க்கரை மாத்திரையும் உண்டு. மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

மயக்க மருந்து கிடையாது. ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை, அப்புறம் உறிஞ்சுகுழல் போல மெல்லிய குழாய். ஒரு நிமிடம் இருக்கும். பிரசவத்தின் முதல் வலி மாதிரி அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. வலிக்காது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், ஆனால் தாங்கலாம். முடிவு வரும்வரை காத்திருந்த பத்து நாளும்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் எட்டாம் நாள்தான் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார்.

செல்கள் அதிகமாக வளர்ந்திருக்கின்றன, ஆனால் உருமாறவில்லை, புற்றுநோய் இல்லை என்று வந்தது. நாத்தனார் உடனே, "கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுடுங்க மன்னி, அது இருந்து இனி என்ன ஆகணும்?" என்றாள். டாக்டர் தேவையில்லை என்றார். புரொஜெஸ்ட்ரோன் போன்ற ஹார்மோன் சுரக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கருப்பைக்குள் வைத்தார்கள். அறுவை சிகிச்சையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஆறு மாதம் கழித்து, ஜூன் மழையில் நனைந்துகொண்டு போய் எடுத்த பயாப்ஸியில் படலம் இயல்புக்குத் திரும்பியிருந்தது. டிசம்பரில் இன்னொன்று எடுக்க வேண்டும். அம்மா இப்போதும் போனில், "தெம்பா இருக்கியாட்டி?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.