கீழ் இடது இறக்கை

ஜனவரி 9

துணி உரித்தாயிற்று. டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் கீழ் இடது இறக்கை இப்போது வெறும் மரக்கூடாக இரண்டு முக்காலிகளின் மேல். கழற்றிய லினனைக் கிழிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். எங்கே தையல், எங்கே வடிகண் (நீர் வடியும் துளை), எங்கே பரிசோதனை ஜன்னல் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. ஸ்பாரில், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மை மரச்சட்டத்தில், ஈரமானி மூன்று இடங்களில்: 13, 13, 14 சதவீதம். 10 முதல் 15 வரை இருக்கலாம்.

பின் ஸ்பாரின் மேல் முகத்தில், ஸ்ட்ரட் (மேல், கீழ் இறக்கைகளை இணைக்கும் கால்) பிடிப்புக்கு அரைச் சாண் உள்ளே, ஒரு கோடு.

ஜனவரி 10

கீறலாக இருக்கட்டும்.

ஜனவரி 12

விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றுமே இல்லை. ஸ்பாருக்குப் படுக்கையாகச் சரித்துப் பிடித்தால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, மர இழைக்குக் குறுக்கே, கொஞ்சம் வளைந்து. இழையோடு ஓடும் வெடிப்பைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டாம். குறுக்கே ஓடுவதுதான் ஆபத்து. ஸ்பார் செய்யும் ஸ்ப்ரூஸ் மரத்தை அமுக்கினால் இழைகள் உள்ளுக்குள்ளேயே மடிந்துவிடும். மேலே வார்னிஷ்கூட அப்படியே இருக்கும். அடுத்த முறை அதே இடத்தில் இழுவிசை வந்தால் கேரட்டை ஒடிப்பதுபோல் ஒடியும். நார் பிரிந்து எச்சரிக்கை தராது.

கீறலா, மடிப்பா என்று அறிய வழி உண்டு. வார்னிஷைச் சுரண்டிவிட்டு, கூரான இழைப்புளியால் காகித கனத்துக்கு ஒரு சீவல். கீறலானால் சீவலோடு போய்விடும். மடிப்பானால் சீவல் அந்த இடத்தில் துண்டாகும், கோடு கீழேயும் இருக்கும். ஆனால் ஆய்வாளர் வந்து பார்க்குமுன் சீவினால், அவர் பார்க்க வேண்டியதையே அழித்ததாகும். வியாழன் வருகிறார்.

ஜனவரி 13

எஞ்சின் பக்கம். ஜிப்ஸி மேஜர் எஞ்சினில் நான்கு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்குகின்றன. சும்மா நிற்கும்போது எண்ணெய், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி, எரியறையில் தேங்கும். திரவம் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். அன்றைக்குத் தெரியாது, பத்து மணி நேரம் பறந்தபின் வெடித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று இருமுறை பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாக நான்கு அமுக்கமும் தாண்டும்வரை சுற்ற வேண்டும். எங்கேயாவது சுவர்போல் நின்றால் அதற்குமேல் பலம் காட்டக்கூடாது. பின்னுக்குச் சுற்றி அவிழ்ப்பதும் தவறு: எண்ணெய் இன்லெட் குழாய்க்குப் போய் ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். பிளக்கைக் கழற்றி வடிய விடுவது ஒன்றுதான் வழி. இன்று மூன்றாவது சிலிண்டரிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி.

புரொப்பெல்லரைப் படுக்கையாக நிறுத்தியாயிற்று. செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் அலகில் இறங்கி, வசந்தத்தில் சமநிலை தவறும்.

ஜனவரி 16

மடிப்புதான். சீவல் இரண்டாக வந்தது.

ஜனவரி 17

ஏன் அந்த இடம்? பறக்கும்போது கம்பிகள் இழுப்பதால் கீழ் ஸ்பார் பெரும்பாலும் இழுவிசையில் இருக்கும். மேல் முகம் அமுங்க வேண்டுமென்றால் இறக்கை நுனி தரையில் இடித்து மேலே தள்ளப்பட்டிருக்க வேண்டும். பழைய பதிவேட்டில் ஒரே ஒரு வரி: நுனி வளையம் மாற்றப்பட்டது, துணி ஒட்டுப் போடப்பட்டது. உடைந்த நுனியைச் சரிசெய்தார்கள். அந்த அடி எங்கே போய் முடிந்தது என்று யாரும் துணியைத் திறந்து பார்க்கவில்லை. அதன்பின் எத்தனை லூப்!

ஒட்டுப் போட முடியாதா என்றால், ஸ்ட்ரட் பிடிப்புக்கு அடியில் ஒட்டு வரக்கூடாது. புது ஸ்பார்தான். அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சொல்லியாயிற்று. ஐந்து வாரம்.

ஜனவரி 24

காத்திருப்பு.

ஜனவரி 29

ரிப்களின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) பசை. பழைய கேசீன் பசை பாலிலிருந்து எடுப்பது. ஈரம் பட்டால் பூஞ்சைக்கு விருந்து. மூக்கை வைத்தால் புளித்த மோர் வாடை, அதற்குமேல் சோதனை வேண்டாம். வாடை இல்லாத மூட்டுகளில் ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 1944இல் இந்தியாவில் மொஸ்கிட்டோ போர்விமானங்களின் மர மூட்டுகள் பிளந்து, அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தார்கள். கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபர்டில் டி புரூய்ன் உருவாக்கிய ஏரோலைட் பசைக்கு இந்த நோய் இல்லை. ஒரு முகத்தில் பசை, மறு முகத்தில் கடினமாக்கி. சேர்த்து இறுக்கியபின் மனசு மாறக்கூடாது.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு மாதிரித் துண்டு. மறுநாள் உடைத்துப் பார்த்தால் மரம் பிய்ந்து வர வேண்டும். பசைக்கோட்டில் பளபளவென்று பிரிந்தால் அன்றைய வேலை முழுக்க வீண். இன்று ஏழு மூட்டு, மாதிரி நன்றாகப் பிய்ந்தது.

பிப்ரவரி 6

வலது இறக்கையையும் திறக்க வேண்டும். தள்ளிப்போட்டு என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 8

திறந்தாயிற்று. அரை நாள் விளக்கைச் சரித்துச் சரித்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. நம்ப மாட்டேன், நாளை வெளிச்சத்தை மறுபக்கத்திலிருந்து.

பிப்ரவரி 9

மறுபக்கத்திலிருந்தும் இல்லை.

பிப்ரவரி 15

உடற்கூட்டின் குறுக்கு இழுகம்பிகள். இரண்டு கீழ் இறக்கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது இவற்றின் வழியாகத்தான். 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலோரத்தில் ஒரு டைகர் மாத் இறக்கை பிரிந்து கடலில் விழுந்தது. இந்தக் கம்பிகள் மரையின் அடியில் களைப்பு வெடிப்பால் (திரும்பத் திரும்ப விசை பட்டு வருவது) முறிந்திருந்தன. வெளியே தெரியாத இடம். கம்பி பளபளவென்று இருப்பதில் அர்த்தமே இல்லை. யார் செய்தது, எந்தச் சான்றிதழ், எத்தனை மணி பறந்தது, எத்தனை ஆண்டு ஆயிற்று: இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் குப்பைக்கு.

பிப்ரவரி 23

ஸ்பார் வந்தது. ஒரு முகத்தில் ஒரு சொட்டு மை விட்டால் இழையோடு ஓடும். சாய்வு அப்படித்தான் தெரியும். 15க்கு 1 அளவுக்குள் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஆறு ஆண்டு வளையங்களாவது வேண்டும், இதில் பதினொன்று. பிசின் பை இல்லை, முடிச்சு இல்லை.

மணம். நல்ல ஸ்ப்ரூஸுக்கு மணம் உண்டென்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 2

போல்ட் துளைகளுக்குள்ளும் வார்னிஷ் போக வேண்டும். ஸ்ப்ரூஸ் மென்மரம், நட்டை இரும்புக்கு இறுக்குவதுபோல் இறுக்கினால் வாஷர் மரத்தில் புதையும். புதைந்த இடத்தில் மறுபடி மடிந்த இழை. பெரிய வாஷர், அளவான முறுக்கு.

மார்ச் 9

லினன் போர்த்தியாயிற்று. கைத்தையல் அங்குலத்துக்கு எட்டு, இடையிடையே பூட்டு முடிச்சு. ரிப்களோடு கட்டும் நூலுக்குத் தேன்மெழுகு. கட்டுகள் மூன்று அங்குலத்துக்கு ஒன்று. புரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியிலும் அதற்கு வெளியே ஒரு ரிப் வரையிலும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. கட்டுகளின் மேல் பல்வெட்டு நாடா. பின்விளிம்பில் ஒவ்வொரு ரிப் இடைவெளிக்கும் ஒரு வடிகண். அதை மறந்தால் மழைநீர் உள்ளேயே தங்கி, முதல் வேலையாகப் பசையைத் தின்னும்.

மூடுமுன் ஸ்பாரை இன்னொரு முறை பார்த்தாயிற்று. புது மரம்தான். இருந்தாலும்.

மார்ச் 11

காற்றின் ஈரப்பதம் 84 சதவீதம். டோப், அதாவது துணியை இறுக்கும் செல்லுலோஸ் பூச்சு, பூச முடியாது.

மார்ச் 12

81.

மார்ச் 14

79. கரைப்பான் ஆவியாகும்போது துணியின் முகம் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அங்கே பனி படியும். அந்த நீர் செல்லுலோஸைப் பிரித்துவிடும்: வெள்ளை வெள்ளையாகப் பூத்து, துணி தளர்ந்தே கிடக்கும். 70க்கு மேல் தொடாதே, 16 டிகிரிக்குக் கீழேயும் தொடாதே. ஹாங்கரைச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாக இறங்கும். ஆனால் மண்ணெண்ணெய் ஹீட்டர் உதவாது. எரியும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை ஆவியாகக் கொட்டும். தவிர, டோப் ஆவிக்கு நெருப்பு என்றால் கொண்டாட்டம். வெளியே அடுப்பு, குழாய் வழியே சூடான காற்று, அதுதான் முறை. வாடகைக்குச் சொன்ன ஹீட்டர் இன்னும் வரவில்லை.

மார்ச் 17

77. நிறம் பற்றிப் பேச்சு. போர்க்காலப் பயிற்சி விமானம்: மேலே கரும்பச்சையும் மண்நிறமும், அடியில் மஞ்சள். பளபளப்பு வேண்டும் என்று ஒரு கட்சி. புகைப்படத்தில் நன்றாக விழுமாம். அசல் மங்கலாகத்தான் இருந்தது. டோப்பின் மேல் பளபளக்கும் கடின பெயின்ட் போட்டால், அடியில் துணி அசைய, மேலே கண்ணாடிபோல் விரியும். எடையும் கூடும். 130 குதிரைத்திறனில் ஒவ்வொரு பூச்சும் ஏறும் வேகத்தில் தெரியும்.

மார்ச் 18

டெல்லி அருகே ஹிண்டன் விமானதளத்தில் 2012 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படையின் டைகர் மாத் பறந்த படம் சுவரில் இருக்கிறது. அங்கே அக்டோபரில் காற்று காய்ந்திருக்கும். பொறாமை.

மார்ச் 20

ஹீட்டர் வந்தது. ஒரு குழாய் கிழிசல்.

மார்ச் 21

72.

மார்ச் 22

64, 19 டிகிரி. முதல் கோட் பிரஷ்ஷால்தான், ஸ்பிரே கூடாது. டோப் இழைக்குள் இறங்க வேண்டும், மறுபக்கம் வழிந்து சொட்டாகவும் தொங்கக்கூடாது. கீழ் முகம் முடிந்தது. விரலால் தட்டினால் இன்னும் தொப் தொப்தான். இரண்டாவது கோட்டில் இறுகத் தொடங்கும். அளவுக்கு மீறினால் பின்விளிம்பை உள்ளே இழுத்து வளைத்துவிடும். ரிப்களுக்கு நடுவே நூல் கட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

மார்ச் 23

66. இறக்கையைத் திருப்ப நான்கு பேர் வேண்டும், நுனியைப் பிடித்துத் தூக்கக்கூடாது.