வாபிள் நாட்குறிப்பு: சனிக்கிழமைக்கு முன்

பிப்ரவரி 3, திங்கள்

சனிக்கிழமை பெரிய ஸ்பீக்கர்களில் போடப்போகும் டப்ஸ்டெப் டிராக்குக்கு வாபிள், அதாவது ஆடும் பேஸ் ஒலி, செய்கிறேன். 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 பீட்). எஃப் 1, 43.65 ஹெர்ட்ஸ் அடி நோட். வைட்டல் என்ற சிந்தசைசர் மென்பொருளில் ஒரே ஒரு சா வேவ் (ரம்பப்பல் அலை), மேல் அலைவரிசைகளை வெட்டும் 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டர், அது வெட்டத் தொடங்கும் கட்-ஆஃபை ஏற்றி இறக்க 1/8 எல்எஃப்ஓ (அரை பீட்டுக்கு ஒரு முறை சுற்றும் கட்டுப்பாட்டு அலை). இவ்வளவு போதும், வாபிள் வந்துவிடும். வந்தும்விட்டது. ஆனால் ஆடுகிறது, பேச மாட்டேன் என்கிறது.

ஃபில்டர் 60 ஹெர்ட்ஸில் மூடி 2000இல் திறக்கிறது. எல்லாருக்கும் கண் திறக்கிற இடத்தின் மேல்தான். மூடுகிற இடத்தை யாரும் கவனிப்பதில்லை. 60லிருந்து 2000 வரை ஏறக்குறைய 5 ஆக்டேவ், அதாவது ஐந்து இரட்டிப்பு. அதில் 60லிருந்து 100 வரை முக்கால் ஆக்டேவ். ஆடும் இந்த ஒலிதான் மிட் லேயர், அதற்கு அடியில் ஆழ்ந்த பேஸான சப் தனி. மிட் லேயரை 100க்குக் கீழே ஹை-பாஸ் (கீழ் அலைவரிசைகளை வெட்டும் ஃபில்டர்) போட்டு வெட்டிவிட்டால், அந்த முக்கால் ஆக்டேவில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. சைன் வடிவ எல்எஃப்ஓ இரண்டு முனையிலும் தயங்கித்தான் திரும்பும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கால்வாசி நேரம் அந்தக் குழியிலேயே கிடக்கிறது. 1/8 என்றால் 214 மில்லிசெகண்ட். அதில் 54 வெறும் மௌனம். இதற்கு வால்யூமை ஏற்றி இறக்கினாலே போதுமே, ஃபில்டர் எதற்கு?

180இல் மூடினால் கதை வேறு. எஃப் 1இன் மடங்குகளான ஹார்மானிக்குகளில் மூன்றாவது 131, நான்காவது 175. இரண்டும் தப்பிப் பிழைக்கின்றன. ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்கு வாய் திறந்து மூடுவது அப்போதுதான் கேட்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

லேடர் வகை ஃபில்டரில் ரெசனன்ஸ் (கட்-ஆஃப் இடத்தில் ஒலியைத் தூக்கும் அளவு) 20 சதவீதம் தாண்ட வேண்டாம். மேலே விசில் கூடுகிறது, அடியில் கனம் குறைகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று முழுக்க வேகம்தான்.

140இல் 1/4 என்றால் வினாடிக்கு 2.33 சுற்று, 1/8 என்றால் 4.67, 1/16 என்றால் 9.33. நடுவில் 1/8 டிரிப்லெட் (ஒரு பீட்டுக்கு மூன்று), மிகச் சரியாக 7. இந்த 7தான் சாவி. முழு பாரும் (நாலு பீட்) 1/8இலேயே ஓடினால் நாலு பாருக்குள் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். ஸ்நேர் டிரம் மூன்றாம் பீட்டில் ஒரே ஒரு தரம் விழுகிற ஹாஃப்-டைம் தாளம் இது, பாரில் வெற்றிடம் நிறைய. அந்த வெற்றிடத்தை டிரம்மால் நிரப்பாமல் பேஸ் நிரப்ப வேண்டும். முதல் இரண்டு பீட் 1/8, ஸ்நேரோடு சேர்ந்து மூன்றாவது பீட்டில் டிரிப்லெட், நாலாவதில் 1/16. நாலு, மூன்று, நாலு. இதை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும். வாயில் வராதது ஸ்பீக்கரிலும் வராது.

சிக்கல், வேகத்தை மாற்றுகிற கணத்தில். எல்எஃப்ஓ சுற்றின் நடுவில் இருக்கும்போது ரேட்டை ஆட்டோமேஷனால் (முன்கூட்டி வரைந்த தானியங்கி மாற்றத்தால்) மாற்றினால் கட்-ஆஃப் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது, ‘டிக்’கென்று ஒரு சொடுக்கு. தாவலை மழுக்கும் ஸ்மூத் கொஞ்சம் ஏற்றினால் சொடுக்கு போகும், 1/16இன் கூர்மையும் கூடவே போகும். வழி வேறு. எல்எஃப்ஓவை டிரிகர் மோடில் வைத்து, வேகம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நோட்டை வெட்டிப் புது நோட் போட வேண்டும். ஒவ்வொரு நோட்டும் எல்எஃப்ஓவை மூடிய நிலையிலிருந்து கிளப்பும், தாவல் இருக்காது. லெகாட்டோ (நோட்டுகளை இழைத்து ஒலிக்கும் முறை) போட்டிருந்தால் நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறினால் டிரிகர் ஆகாது. நடுவில் 5 மில்லிசெகண்ட் இடைவெளி போதும்.

இதனால்தான் சப் தனி டிராக்கில் இருக்க வேண்டும் என்கிறேன். மிட் வெட்டுப்படும்போது சப் வெட்டுப்படக் கூடாது. சப் ஒரே நீள நோட், சைன் வேவ், எல்எஃப்ஓ கிடையாது, எஃபெக்ட் எதுவும் கிடையாது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் சப் மட்டும் கேட்டேன். 43.65 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 23 மில்லிசெகண்ட். அட்டாக் (ஒலி ஏறும் நேரம்) 5 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அடங்கும் நேரம்) 30, ரேண்டம் ஃபேஸ் பூஜ்யம். ரேண்டம் விட்டால் ஒவ்வொரு நோட்டும் அலையின் வேறொரு இடத்தில் தொடங்குகிறது, ஒரு கிக் முட்டும், அடுத்தது காணாமல் போகும். அப்புறம் கிக்கைக் குறை சொல்லிக்கொண்டு அதைப் பத்து சாம்பிள் மாற்றுவார்கள்.

மத்தியானம் டிராக்கில் சி நோட் வந்தது, சிக்கலும் வந்தது. 100இல் போட்ட 24 டெசிபல் ஹை-பாஸ், எஃப் 1இன் அடி நாதத்தை 29 டெசிபல் அமுக்குகிறது. சி 2, 65.4 ஹெர்ட்ஸ். அங்கே 15 டெசிபல்தான். மிச்சம் இருப்பது ஃபேஸ் திரும்பி, அலை இடம் மாறிய நிலையில் சப்போடு மோதுகிறது. நோட் ஏறும்போது ஹை-பாஸும் ஏற வேண்டும். வைட்டலில் இரண்டாவது ஃபில்டரை ஹை-பாஸாக்கி, முதல் ஃபில்டரை அதற்குள் அனுப்பி, கீ டிராக் (நோட்டைப் பின்தொடர்ந்து கட்-ஆஃப் நகர்வது) 100 சதவீதம். எஃப்புக்கு 100 என்றால் சிக்குத் தானாக 150. முதல் ஃபில்டருக்கும் கீ டிராக் அதே அளவு. 180 என்ற தரை, அதாவது மூடுகிற இடம், சிக்கு 270 ஆகும்.

தரை. திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சனிக்கிழமை ஒலிக்கப்போவது 18 அங்குல ஸ்பீக்கர் அடுக்கில். இங்கே இருப்பது 5 அங்குலம். அதனால் காதை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டிய நாட்கள் இவை.

இந்த ஒலியே அப்படிப்பட்ட அடுக்குகளுக்காகப் பிறந்ததுதான். தெற்கு லண்டன் குராய்டனில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் கடையைச் சுற்றி வந்த இளைஞர்கள், ஸ்கிரீமும் பெங்காவும், ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளில் செய்ததை ‘ஃபார்வர்ட்’ கிளப் இரவுகளில் பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்பின் இருட்டறையில் கேட்டார்கள். 2005இல் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் கிளப் இரவுகள் தொடங்கின. அங்கே சப்பை முதலில் நெஞ்சு வாங்கும், அப்புறம்தான் காது. பிற்பாடு வாபிள் என்றால் நடு அலைவரிசையில் கத்துவது என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கத்துவது தப்பில்லை, அடியில் அசையாமல் ஒன்று நின்றால்.

டிஸ்டார்ஷன், ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது. ஃபில்டருக்கு முன்னால் போட்டால் ஒலி தடிக்கும், ஆட்டம் வழுவழுப்பாக இருக்கும். பின்னால் போட்டால் உறுமும், ஏனென்றால் ஃபில்டர் திறக்கத் திறக்க உள்ளே போகும் ஹார்மானிக்குகளும் மாறுகின்றன, மூடியிருக்கும்போதும் டிஸ்டார்ஷன் புது ஹார்மானிக் போட்டு போன் ஸ்பீக்கரில்கூட நோட்டைக் கேட்க வைக்கிறது. பின்னால்தான். சாஃப்ட் கிளிப், டிரைவ் 8 டெசிபல். 12 போனால் ஏற்ற இறக்கம் தட்டையாகி வாபிளே மங்குகிறது.

ஆனால் வெட்டிய 43.65 திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அனலைசரில் பளிச்சென்று தெரிகிறது. 131, 175, 218 மூன்றும் டிஸ்டார்ஷனுக்குள் கலக்கும்போது ஒன்றையொன்று கழித்து அடி நாதத்தைப் புதிதாகப் பிறப்பிக்கின்றன. ஆகவே ஹை-பாஸ் டிஸ்டார்ஷனுக்குப் பின்னாலும் ஒன்று வேண்டும். வைட்டலுக்கு வெளியே ஈக்வலைசரில், எஃப் வரும் பார்களில் 100, சி வரும் பார்களில் 150, ஆட்டோமேஷனாக.

ஏற்றுமதிக்கு முன், டிஸ்டார்ஷனின் பிசிறு குறைய, ஓவர்சாம்பிளிங் 4 மடங்கு.

பிப்ரவரி 10, திங்கள்

சனிக்கிழமை நடத்துபவர்களிடமிருந்து பதில் இல்லை. அவர்கள் சிஸ்டம் மோனோவா ஸ்டீரியோவா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மோனோ என்றே வைத்துக்கொண்டு யூனிசனை, ஒரே நோட்டைச் சற்றே விலகிய குரல்களில் ஒலிப்பதை, பார்த்தேன். இரண்டு குரல், ஒன்று 10 சென்ட் (அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) மேலே, ஒன்று 10 சென்ட் கீழே. ஹெட்போனில் அகலம், அழகு. மோனோ பட்டனை அழுத்தினதும் தாளம் குழம்புகிறது. அடி நாதத்தில் இரண்டுக்கும் இடைவெளி அரை ஹெர்ட்ஸ், இரண்டு வினாடிக்கு ஒரு விம்மல். அதுகூடப் பரவாயில்லை, ஹை-பாஸ் அதை விழுங்கிவிடும். ஒன்பதாம் ஹார்மானிக்கில் விம்மல் வினாடிக்கு 4.5, பத்தாவதில் 5. எல்எஃப்ஓ 4.67. நாம் வரையாத இன்னொரு வாபிள், நம்முடையதோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிறது! இதைக் கண்டுபிடிக்காமல் எல்எஃப்ஓ வடிவத்தை மணிக்கணக்கில் திருகினாலும் தீராது.

யூனிசனை எடுத்தாயிற்று. அகலம் வேண்டுமென்றால் 400க்கு மேலே மட்டும் கோரஸ் எஃபெக்ட், மெலிதாக.

பிப்ரவரி 12, புதன்

நல்ல நாள். நாலு, மூன்று, நாலு. கீழே சப் அசையவே இல்லை. இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மாஸ்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபல். கிக் அடிக்கும்போது சப் மட்டும் சைட்செயினில் இறங்கி 100 மில்லிசெகண்டில் திரும்புகிறது. மிட் இறங்கக் கூடாது. அது ஏற்கெனவே ஆடுகிறது, அதற்கு மேல் இன்னொரு ஆட்டம் வேண்டாம்.

மிட்டை ஆடியோவாக மாற்றியாயிற்று. இனி எல்எஃப்ஓவைத் தொட முடியாது, அது நல்லதுதான். வெட்டலாம், திருப்பிப் போடலாம்.  வெட்டின இடங்களில் 2 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது).

பிப்ரவரி 14, வெள்ளி

பதில் வந்தது: மோனோ. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவர்களே வெட்டுகிறார்களாம், எஃப் 1க்கு ஆபத்தில்லை. 180 என்ற தரை அந்த அறைக்குத் தாழ்வோ என்று ஒரு சந்தேகம். 200இல் மூடும் ஒரு பிரதியும் ஏற்றுமதி செய்து கையில் வைத்துக்கொள்கிறேன்.