வாசலுக்கே வந்த சுண்ணாம்புச் செக்கு

தாத்தா காலத்து வீட்டின் மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய பழைய மாடித் தளம், ஒழுகத் தொடங்கியபோது, அதன் மேல் சிமெண்ட் பூசுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம். சிமெண்ட் பூச்சு வெயிலில் வெடிப்பு விட்டு, அதன் வழியே இறங்கும் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து, அடியிலுள்ள தேக்கு உத்தரங்களை நாளடைவில் உளுத்துப்போகச் செய்துவிடும்.

ஆனால் அதற்குப் பதிலாகப் பூச வேண்டிய சுண்ணாம்புச் சாந்தை எங்கே அரைப்பது? மாடு பூட்டி வட்டக் குழியில் கல் உருளையை இழுத்த செக்குகள் எங்கள் பக்கம் எப்போதோ நின்றுபோயின. கொத்தனார் அண்ணன்தான் சக்கரம் வைத்த அரவை இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வேனின் பின்னால் கட்டி இழுத்து வந்தார். கான்கிரீட் கலக்கும் இயந்திரம் பொருளைப் புரட்டிப் போடுவதோடு சரி. இதிலோ வட்டத் தொட்டிக்குள் இரண்டு கனத்த இரும்பு உருளைகள் சுற்றிச் சுற்றி நசுக்குவதால், மணலின் ஒவ்வொரு பருக்கையிலும் சுண்ணாம்பு ஏறிக்கொள்கிறது.

நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 2 பங்கு, சுர்க்கி எனும் செங்கல் தூள் 1 பங்கு, அவற்றோடு ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீரும் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்தோம். சாந்து இளஞ்சிவப்பாக, வெண்ணெய் போலத் திரண்டு வந்தது. அண்ணன் கரண்டியில் அள்ளித் தலைகீழாகக் கவிழ்த்தார், விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இச்சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகப் பல மாதங்கள் ஆகும் என்பதால், இப்போதைக்குத் தளம் சட்டென்று உலர்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வருகிறோம்.