"நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லப் பழகினோம்

எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பது) நடக்காமல் இருந்ததில்லை. டாக்டரைப் போனில் கூப்பிடாமலும் இருந்ததில்லை. இருந்தும் விஷயம் போய்ச் சேரவில்லை. நோயாளியின் நிலை இறங்குவதை யாரோ ஒருவர் முன்பே கவனித்திருப்பார், சொல்லியும் இருப்பார். கேட்டவருக்கு அதன் அவசரம் புரிந்திருக்காது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வார்டு இன்சார்ஜான என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று தயாரானது. யாரும் நிரப்பவில்லை. நிரப்பிய சிலரும் டியூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் உட்கார்ந்து நிரப்பினார்கள். போஸ்டர் ஒட்டியும் பார்த்தோம், பலன் இல்லை. இரண்டையும் விட்டுவிட்டோம்.

அப்புறம்தான் எஸ்பார் (SBAR) என்ற தகவல் சொல்லும் முறைக்கு வந்தோம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறை இது. கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ அமைப்பு அதை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றியது. நான்கே படிகள்தான். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும்.

முதல் இரண்டும் செவிலியர்களுக்குச் சரளமாக வந்தன. மூன்றாவதில் தயங்கினார்கள். நான்காவதில் வாயே திறக்கவில்லை. "என்னவென்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை இல்லையா? நாம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியாதா?" என்று பல வருட அனுபவம் உள்ளவர்களே கேட்டார்கள். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அந்த நான்காவது படிக்குத்தான் போனது.

பயிற்சிக்காக ஒரு போன் உரையாடலை எழுதினோம். பழைய வழக்கப்படி அது இப்படி இருக்கும்: "சார், 7ஆம் பெட் பேஷன்ட்டுக்கு பி.பி. கொஞ்சம் குறைவாக இருக்கிறது." "சரி, பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்." அவ்வளவுதான். சொல்லிவிட்டோம் என்று இவர் நினைப்பார், பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவர் நினைப்பார்.

அதையே எஸ்பாரில் சொன்னால்: "சார், சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். நோயாளியின் பெயர், ஐ.பி. எண் இது. பி.பி. 86/50, பல்ஸ் 124. காலையில் குடல் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். மதியம் பி.பி. 120/80 இருந்தது. கடந்த 2 மணி நேரத்தில் சிறுநீர் 20 மி.லி. மட்டுமே. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் ரத்தம் தயார் செய்யச் சொல்லட்டுமா?" இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்டவர் சும்மா இருக்கவும் முடியாது.

(பெட் எண்ணை மட்டும் சொல்வதையும் இதோடு நிறுத்தினோம். படுக்கை மாறும், நோயாளி மாற மாட்டார். அடையாளத்துக்கு இரண்டு விவரம் வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே பரிந்துரைத்திருக்கிறது.)

பயிற்சியில் டியூட்டி டாக்டர்களைச் செவிலியராகவும் செவிலியர்களை டாக்டராகவும் பேச வைத்தோம். மறுமுனையில் ஒருவர் எரிச்சலோடு "ம்ம்" கொட்டும்போது, தெரிந்த விஷயத்தைச் சொல்வதுகூட எவ்வளவு கடினம் என்று டாக்டர்களுக்கு அங்கேதான் உறைத்தது. ஆனாலும் உண்மையான மாற்றம் எங்கள் சீஃப் சர்ஜனிடமிருந்து வந்தது. செவிலியர் நான்காவது படியைச் சொல்லாமல் நிறுத்தினால், "நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள், சிஸ்டர்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஜூனியர் டாக்டர்கள் அதைப் பார்த்துப் பழகினார்கள். மேலிருப்பவர் இப்படிக் கேட்காத இடத்தில் எந்தப் பயிற்சியும் நிற்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொல்லியும் கேட்காவிட்டால் என்ன செய்வது? 2006-ல் அமெரிக்க அரசு அமைப்புகள் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சியில் இதற்கென்று மூன்று வாக்கியங்கள் உண்டு. அவற்றை எங்கள் பேச்சுக்கு ஏற்ப வைத்துக்கொண்டோம்: "எனக்குக் கவலையாக இருக்கிறது", "இது எனக்குச் சரியாகப் படவில்லை", "இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம்". மூன்றாவது காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் கையில் உள்ளதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். போன் எடுக்கவில்லை என்றால் அடுத்து யாரை அழைப்பது என்ற வரிசையைப் போன் பக்கத்திலேயே ஒட்டி, அதில் சீஃபிடம் கையெழுத்து வாங்கினோம். "என்னைத் தாண்டிப் போய்விட்டாய்" என்ற கோபத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

வாய்வழி உத்தரவைத் திருப்பிச் சொல்வது வேகமாகவே பழகிவிட்டது. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்ற குழப்பம் வராமல் இருக்க "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறோம். டாக்டர் "ஆமாம்" என்ற பிறகே மருந்து கைக்கு வரும்.

ஹேண்டோவரை நர்சிங் டேபிளிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு அருகில் கொண்டுபோனோம். வடிகுழாயில் எவ்வளவு வந்திருக்கிறது, ட்ரிப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை இரண்டு பேரும் கண்ணால் பார்ப்பார்கள். மற்ற நோயாளிகள் காதில் விழக்கூடாத விஷயங்கள் மட்டும் டேபிளில். கடைசியில் பொறுப்பை வாங்குகிறவர் தான் புரிந்துகொண்டதைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். இது ஐ-பாஸ் என்ற ஹேண்டோவர் முறையிலிருந்து எடுத்தது. 9 மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2014-ல் வெளியான ஆய்வில், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. எங்களைப் பொறுத்தவரை, விடுபட்டது வெளியே வருவதே அந்தச் சுருக்கத்தில்தான். "நாளைக் காலை ஆபரேஷன் என்றால் இன்று இரவு ஹெப்பாரின் உண்டா?" (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது) போன்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன.

தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே சில நிமிடங்கள் பேசுகிறோம். இதில் வார்டு உதவியாளர்களையும் சேர்த்தது பற்றி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நோயாளியைத் துடைத்துவிடுபவரும் சாப்பாடு கொடுப்பவரும் அவர்கள்தான். "நேற்று நன்றாகப் பேசியவர், இன்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார்" என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படுகிறது. குழப்பம் என்பது தொற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அவர்களை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் இது இவ்வளவு நாள் கேஸ் ஷீட்டுக்கு வரவில்லை.

இந்த முறை இன்னும் முழுதாகப் பழகாதது இரவு நேரத்தில்தான். ஒருநாள் டியூட்டிக்கு மட்டும் வரும் டாக்டர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாது, அதனால் ஷிஃப்ட் தொடங்கியதும் இரவு செவிலியரே அவர்களிடம் முறையைச் சொல்லிவிடுகிறார். அடுத்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வார்டுக்கு மாற்றும் நேரத்தைக் கையில் எடுத்திருக்கிறோம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, ஃபெராரி கார் பந்தயக் குழுவிடம் கற்றுக்கொண்டு, தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் நேரத்தை ஒழுங்கு செய்தது. நாங்கள் அதிலிருந்து ஒரே ஒரு விதியோடு தொடங்குகிறோம்: முதலில் மானிட்டர், ஆக்சிஜன் எல்லாம் மாட்டி முடிக்க வேண்டும். அதன் பிறகு மயக்க மருந்து டாக்டர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள்.